பேச்சியம்மா பிடுங்கிய புல்

ஐயாயிரத்து நானூறு ரூபாய். றிப்தா எங்களுக்குத் தரவேண்டியிருந்த கூலி அது.

கம்பளை ஊர்ப் பிள்ளை. பேராதனைப் பல்கலைக்கழகத்தில் விவசாயம் படித்தாள். கடைசி வருசத்தில் ஒவ்வொருவரும் சொந்தமாக ஓர் ஆராய்ச்சி செய்து எழுத வேண்டுமாம். பெரிய படிப்புக்காரர்களுக்கு அதற்குக் காசு வரும். பட்டத்துக்குப் படிக்கிறவர்கள் கைக்காசைத்தான் போட வேண்டும். தெல்தோட்டையில் எங்கள் போஞ்சிக்காய்த் தோட்டத்தில் ஒரு மூலையைக் கேட்டாள். நானும் என் மனைவி பேச்சியம்மாவும் கொத்திப் பாத்தி கட்டிக் கொடுத்தோம்.

"மஹாபொல ஸ்கொலர்ஷிப் காசு வந்ததும் தாரேன் அண்ணன்."

பாதிப் பாத்திகளில் புல் பிடுங்க வேண்டும், மீதியில் விட்டுவிட வேண்டும். புல்லால் விளைச்சல் எவ்வளவு குறைகிறது என்று பார்ப்பதுதான் ஆராய்ச்சி. சனிக்கிழமைகளில் வந்து, சேற்றில் குந்திப் புல்லை எண்ணுவாள்.

"புல்ல எண்ணுறதுக்கா மிஸ் கெம்பஸ் போனீங்க? எங்க கங்காணி கூட எண்ணலையே!" என்பாள் பேச்சியம்மா.

"நீங்க புடுங்கினா கூலி, நான் எண்ணினா பட்டம் அக்கா" என்று றிப்தா சிரிப்பாள்.

இப்போதும் சனிக்கிழமை என்றால் அந்தச் சிரிப்பைத்தான் காது தேடுகிறது.

பொங்கலுக்கு முதல் நாள் பேச்சியம்மா தோட்டத்தைத் துப்புரவாக்கினாள். தேயிலை மலையில் புல் பிடுங்கியே பழகிய கை. நல்ல நாளில் புல் மண்டிக் கிடப்பதைப் பொறுக்க முடியாமல் றிப்தா புல்லோடு விட்டுவைத்த பாத்திகளையும் வழித்துவிட்டாள்.

"புல்லுதானே, திரும்ப மொளைக்கும்" என்றாள் என்னிடம்.

சனிக்கிழமை வந்த பிள்ளை அப்படியே வரப்பில் உட்கார்ந்துவிட்டது.

"போன கெழம எண்ணுனத வச்சு எழுதிருங்க மிஸ். யாரு வந்து பாக்கப்போறா?" என்றேன்.

"அது பொய்யாகிருமே அண்ணன்." அழுதுகொண்டே தனக்குப் படிப்பிக்கும் சேருக்கு போன் எடுத்தாள்.

மறுநாளே சேர் அவளோடு வந்தார். பேச்சியம்மா என் முதுகுக்குப் பின்னால் ஒடுங்கினாள். அவரோ பாத்திகளைச் சுற்றிப் பார்த்துச் சிரித்தார்.

"இவ்வளவு நாளும் நான் சொன்னதத்தான் செஞ்சீங்க றிப்தா. ஆராய்ச்சி இனித்தான். புடுங்கின தேதிய மறைக்காம எழுதுங்க. பிந்திப் புடுங்கினா போஞ்சி தேறுமா? அதையே கேள்வியா எடுங்க. ஆனா இன்னொரு போகம் நடணும். உங்க செட்டுப் பிள்ளைகளோட படிப்ப முடிக்க ஏலாம போகலாம்."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்: "விதைப் போஞ்சி இருக்கா அக்கா?"

கூடப் படித்தவர்கள் சோதனை முடித்து ட்ரிப் போனபோது அவள் எங்களோடு மழையில் நின்று காய் பறித்தாள். மாலையில் ரொட்டியும் சம்பலும் பிளேன்டீயும். என் முதுகு வலிக்காத காலம் அது, வலித்திருந்தாலும் தெரியவில்லை.

எல்லாம் எழுதி முடித்துக் காசோடு வந்தாள். பேச்சியம்மா நோட்டுகளோடு அந்தக் கையை மடக்கினாள்.

"ஒங்க ஒரு போகத்தையே புடுங்கிப் போட்டவ நானு. அதுக்கு எம்புட்டு நான் தரணும்?"

"அக்கா, அதாலதானே எனக்குச் சொந்தமா ஒரு கேள்வி கெடச்சது..."

"அப்ப சரியாப் போச்சு. ரெண்டு பேருக்கும் கடன் இல்ல. வைங்க உள்ள."

றிப்தா காசைப் பைக்குள் வைத்தாள்.