வளையல் வரும் இடம்

இரண்டு மூத்தாள் இருந்த வீட்டுக்குத்தான் நான் வாழ்க்கைப்பட்டேன். இடுப்பு உயரம், தேக்கு நிறம், தூக்க ஆள் வேண்டிய கனம். கூடத்தில் ஆளுக்கொரு மூலையைப் பிடித்துக்கொண்டு நின்றன. கல்யாணத்துக்கு முன்பே அவர் வாங்கி வைத்திருந்த ஸ்பீக்கர்கள். மேலே பூந்தொட்டி வைக்கக் கூடாது, துணி போடக் கூடாது, அலமாரியை அந்தப் பக்கம் நகர்த்தக் கூடாது. இரண்டுக்கும் எதிரே, நட்டநடுவில் ஒரு நாற்காலி. அதன் நான்கு கால்களுக்கும் தரையில் டேப் ஒட்டி அடையாளம் வைத்திருந்தார். கூட்டும்போது கொஞ்சம் நகர்ந்துவிட்டால்கூடக் கண்டுபிடித்துவிடுவார். அதில் நான் உட்கார்ந்ததே இல்லை. உட்காராதே என்று அவர் சொன்னதில்லை, எனக்குத்தான் மூத்தாள் சகவாசம் வேண்டாம் என்று இருந்தது.

அப்படிப்பட்ட மனுஷன் ஒரு நாள் சாப்பிட்டுக்கொண்டே, தட்டைப் பார்த்தபடி சொன்னார். "ஸ்பீக்கரை மாத்திடலாம்னு பாக்குறேன். பழசாயிடுச்சு. மேல் சத்தமெல்லாம் மழுங்கிப் போச்சு."

இத்தனை வருஷம் காத்திருந்த வார்த்தை. வயிறு குளிர்ந்திருக்க வேண்டும். ஆனால் குளிரவில்லை.

ஏனென்றால் மழுங்கியது ஸ்பீக்கர் இல்லை என்று எனக்குத் தெரியும்.

நான் ஆஸ்பத்திரியில் காது சோதிக்கிறவள். சத்தம் புகாத சின்ன அறைக்குள் ஆளை உட்காரவைத்து, ஹெட்போன் மாட்டி, "சின்னதா கேட்டாலும் விரலைத் தூக்குங்க" என்று சொல்லிவிட்டு, வெளியே கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து ஒவ்வொரு சத்தமாகக் கொடுப்பேன். காலையில் ஆரம்பித்தால் சாயங்காலம் வரை அந்த வாக்கியத்தையே சொல்லிக்கொண்டிருப்பேன். செவிடன் காதில் ஊதிய சங்கு என்று ஊரே பழமொழி சொல்லும். எங்கள் பிரிவில் யாரும் சொல்ல மாட்டோம், சங்கு ஊதுவதுதான் எங்களுக்குச் சம்பளம். வீட்டுக்கு வந்தால் குழாயில் தண்ணீர் சொட்டும் சத்தம்கூட எனக்கு ஆகாது. பாட்டு வேறா!

வேலையில் சேரத் தகுதிச் சான்றிதழ் கேட்டு வருகிறவர்களிடம் ஒரு தந்திரம் உண்டு. கேட்கிறதோ இல்லையோ, இரண்டு மூச்சுக்கு ஒருமுறை விரலைத் தூக்கிவிடுவார்கள். அதற்கு என்னிடமும் ஒரு தந்திரம் உண்டு. சத்தமே கொடுக்காமல் சும்மா இருப்பேன். உள்ளே விரல் எழும். ஒன்றும் சொல்ல மாட்டேன், முதலிலிருந்து ஆரம்பிப்பேன்.

இந்தத் தொழில்புத்தியை வாசலில் செருப்போடு கழற்றிவிட்டு வர முடிந்தால் எவ்வளவோ நிம்மதி. முடியவில்லை. ஃப்ரிட்ஜ் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு அவர் தயிரைத் தேடுவார். கதவு திறந்திருக்கிறது என்று அது கீச்சுக் குரலில் கூவிக்கொண்டே இருக்கும். அவர் பாட்டுக்கு நின்று தேடுவார். எனக்கு அடுப்படியின் மறு கோடியில் காது கூசும். அவருக்கு ஒன்றும் இல்லை. மேல் சத்தம் அவர் காதில் விழுவதில்லை என்று அதிலேயே எனக்குப் புரிந்துவிட்டது. ஆனால் பூனைக்கு யார் மணி கட்டுவது?

வேறு யாராவது என்றால் பளிச்சென்று சொல்லியிருப்பேன். இவர் அரங்கத்தில் சவுண்ட் பார்க்கிறவர். நாடகம், கச்சேரி, கூட்டம் எதுவானாலும் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கிற மிக்சர் முன்னால் இவர்தான். காதை நம்பித்தான் பிழைப்பு. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். சரி, அவளைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போகலாம். ஆடி ஆடி ஊரையே உட்காரவைத்தவள் ஒரு நாள் கூடம் கோணல் என்றால், யார் சிரிப்பது? போன மாதம் அவர் அரங்கத்துக்குப் போயிருந்தேன். முன் வரிசையில் இரண்டு பெண்கள் காதைப் பொத்திக்கொண்டார்கள். தன் காதுக்கு எட்ட வேண்டும் என்று மேல் சத்தத்தின் கூர்மையை அவ்வளவு ஏற்றி வைத்திருந்தார். மிக்சரிலிருந்து என்னைப் பார்த்து, எப்படி என்று கட்டைவிரலைத் தூக்கிக் கேட்டார். நானும் தூக்கினேன்.

ஆகவே, கடைக்குப் போகலாம் என்று அவர் சொன்னபோது சரி என்றேன். சண்டை போடவும் தெம்பு வேண்டும்.

கடையில் சோபா போட்டு, வரிசையாக ஜோடிகளை நிறுத்தியிருந்தார்கள். கடைக்காரர் ஒவ்வொன்றாகப் பாடவைத்தார். இவர் கண்ணை மூடிக் கேட்டார். முதல் ஜோடிக்கு உதட்டைப் பிதுக்கினார். இரண்டாவதுக்கும் அதே. மூன்றாவது ஜோடி பாடியபோது எனக்குப் பல் கூசியது, அவ்வளவு கூர்மை. இவர், "இதுவும் கம்பளி போத்தின மாதிரி இருக்கே" என்றார்.

கடைக்காரர் என்னைப் பார்த்தார். நான் சுவரில் மாட்டியிருந்த படத்தைப் பார்த்தேன்.

"சார், கடைல கேக்குறது ஒண்ணு, வீட்டுல கேக்குறது ஒண்ணு" என்றார் கடைக்காரர். நல்ல மனுஷன், வியாபாரமும் தெரிந்தவர். "இந்தக் கடைசி ஜோடியை எடுத்துட்டுப் போங்க. ஒரு வாரம் வெச்சுப் பாருங்க. பிடிச்சா பழசை நாங்களே எடுத்துக்குறோம். அந்தக் காலத்துப் பெட்டி, அதுக்குன்னு அலையிறவங்க இருக்காங்க."

"எடுத்துக்குவீங்களா?" என்று இவர் கேட்ட வேகம் எனக்குப் பிடிக்கவில்லை. பெற்ற பெண்ணை யாராவது தள்ளிக்கொண்டு போனால் போதும் என்பது போல இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை மதியம் சோதனை. புது ஜோடி, மெல்லிசாக, கறுப்பாக, நாகரிகமாக மூத்தாள்களுக்குப் பக்கத்தில் வந்து நின்றது. எந்த ஜோடி பாட வேண்டும் என்று மாற்றுவதற்கு ஒரு சுவிட்ச். அது ஆம்ப்ளிஃபயரோடு பக்கத்து அலமாரியில் இருந்தது. அங்கே என்னை நிறுத்தினார். அவர் நாற்காலியில் உட்கார்ந்து, துண்டால் கண்ணைக் கட்டிக்கொண்டார்.

"எந்த ஜோடி பாடுதுன்னு சொல்லாத. நம்ம வளையலைப் போடு. வளையல் கேட்டா விரலைத் தூக்குறேன். கேக்கலன்னா தூக்கல. எந்த ஜோடில நல்லா வருதுன்னு பாத்துடலாம்."

எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. ஞாயிற்றுக்கிழமையும் இதே வேலையா!

வளையல் கதையைச் சொல்லிவிடுகிறேன். அவரே அரங்கத்தில் பதிவு செய்த ஒரு கச்சேரி. ஒரு பாடகி, ஒரு வயலின், வேறு ஒன்றும் இல்லை. பாட்டின் நடுவில் அந்த அம்மாள் தாளைத் திருப்பும்போது, கையிலிருந்த கண்ணாடி வளையல் மைக் கம்பியில் லேசாகப் பட்டுவிடும். வேறு யாராக இருந்தாலும் அதை நீக்கியிருப்பார்கள். இவர் வைத்துக்கொண்டார். வீட்டுக்கு யார் வந்தாலும், என் தம்பி, கேஸ் சிலிண்டர் போட வந்தவர், யாராக இருந்தாலும் அதைக் கேட்காமல் போக முடியாது. "இப்ப வளையல் வரும் பாருங்க" என்று முன்கூட்டியே விரலைத் தூக்கிவிடுவார். எந்தப் பெட்டியிலும் வரும்மா, ஆனா இதுல மட்டும்தான் கண்ணாடி வளையல்னு தெரியும் என்பார். நான் அந்த நேரம் பார்த்து அடுப்படிக்குப் போய்விடுவேன்.

புது ஜோடியில் போட்டேன். வளையல் வந்தது. விரல் எழுந்தது.

பழைய ஜோடி. வளையல் வந்தது. விரல் எழுந்தது. சரியாக அதே இடத்தில், இம்மி பிசகாமல்.

அந்த இம்மி பிசகாததுதான் என்னை உறுத்தியது. நிஜமாகக் கேட்கிறவர்கள் அப்படித் தூக்க மாட்டார்கள். கேட்ட பிறகு ஒரு கணம் யோசிப்பார்கள். மூன்றாவது முறை போடும்போது, யோசித்துச் செய்தேன் என்று சொல்ல மாட்டேன், என் கை தானாகப் போய் மேல் சத்தத்துக்கான ட்ரெபிள் திருகை அடி வரைக்கும் இறக்கிவிட்டது. பாடகி போர்வைக்குள்ளிருந்து பாடினாள். அந்த இடம் வந்தது. வளையல் வரவே இல்லை.

விரல் எழுந்தது.

கண்ணைக் கட்டிய துண்டோடு, ஒற்றை விரலைத் தூக்கிக்கொண்டு, என் வீட்டுக்காரர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். எத்தனையோ விரல்களைப் பார்த்தவள் நான். அந்த விரலைப் பார்க்க முடியவில்லை.

"வந்துச்சா?" என்றார், துண்டை அவிழ்க்காமல்.

வளையல் கேட்டதாக விரலைத் தூக்கிவிட்டு, வந்ததா என்று என்னிடம் கேட்கிறார். வந்தது என்று சொல்லிவிடலாம் என்று நாக்கு வரை வந்தது. ஆனால் அரங்கத்தில் தூக்கிய கட்டைவிரலே இன்னும் எனக்குச் செரிக்கவில்லை.

"வரல" என்றேன். "நான் ட்ரெபிளை அடியோட இறக்கிட்டேன்."

கோபித்துக்கொள்வார் என்று நினைத்தேன். மெதுவாகத் துண்டை அவிழ்த்து மடித்து மடியில் வைத்துக்கொண்டார். "ஆஸ்பத்திரி புத்தி" என்றார்.

"எப்போலேர்ந்து தெரியும் உங்களுக்கு?"

"உனக்கு?"

"ஃப்ரிட்ஜ் கூவுறப்போ."

"ஃப்ரிட்ஜ் கூவுமா?"

நான் அவரைப் பார்த்தேன். "நம்ம ஃப்ரிட்ஜா?" என்றார் மறுபடியும், நிஜமான ஆச்சரியத்தோடு. "வாங்கின நாள்லேர்ந்து கூவுதுங்க" என்றேன். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கும் வந்தது. சிரித்து முடித்தபோது இரண்டு பேருக்கும் களைப்பாக இருந்தது. நான் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

"ஸ்பீக்கர் நல்லாத்தான் இருக்குன்னு தெரியுமில்ல?"

"தெரியும்."

"அப்புறம் எதுக்கு மாத்தணும்னு ஒத்தக்கால்ல நிக்குறீங்க?"

அவர் எழுந்து போய் இடது பக்கத்து மூத்தாளின் மேல் கை வைத்துக்கொண்டு நின்றார்.

"புது பெட்டின்னா, இன்னும் பழகலன்னு சொல்லிக்கலாம்" என்றார். "என்ன இருக்கு, என்ன இல்லைன்னு எனக்கே தெரியாது. இதுங்ககிட்ட அது முடியாது. எந்த இடத்துல என்ன வரும்னு மனப்பாடமாத் தெரியும். வர வேண்டிய இடத்துல வராதபோது, தினமும்… முகத்துல அறையிற மாதிரி இருக்கு. இதுங்களை வெச்சுக்கிட்டு என்னால பொய் சொல்ல முடியலம்மா."

இத்தனை வருஷம் சக்களத்தி என்று கரித்துக்கொட்டிய பெட்டிகள், நான் சொல்லப் பயந்ததை வாரக்கணக்கில் அவரிடம் சொல்லிக்கொண்டிருந்திருக்கின்றன.

"அரங்கத்துல சொல்லணும்" என்றார்.

"சொல்லணும்."

"சொன்னா அப்புறம் மிக்சர்ல உக்கார விட மாட்டாங்க. வயர் இழுக்கச் சொல்லுவாங்க."

அப்படியெல்லாம் இல்லை என்று நான் சொல்லவில்லை. அப்படித்தான் ஆகும். "மொதல்ல நாளைக்கு ஆஸ்பத்திரிக்கு வாங்க" என்றேன். "எவ்வளவுன்னு பாத்துடலாம். காதுல மெஷின் வெச்சா பேச்சு நல்லாவே தெளியும்."

"பாட்டு?"

"கொஞ்சம் வரும். பழைய மாதிரி வராது."

தலையை ஆட்டினார். "நீயா பாப்ப?"

"நான் மாட்டேன். பக்கத்து ரூம்ல இருக்குறவங்க பாப்பாங்க. நான்னா, நீங்க என் முகத்தைப் பாத்தே விரலைத் தூக்கிடுவீங்க."

புது ஜோடியை இரண்டு பேருமாக அட்டைப்பெட்டிக்குள் வைத்தோம். தெர்மாகோலை அவர் பிடிக்க, நான் டேப் ஒட்டினேன். மூத்தாள்களைக் கடைக்காரருக்குக் கொடுப்பதைப் பற்றி அவர் மறுபடி வாய் திறந்தார். "இந்த வீட்டை விட்டுப் போறதுன்னா நான் போனப்புறம் போகட்டும்" என்றேன். என் வாயிலிருந்து இது வரும் என்று நானே நினைக்கவில்லை.

அவர் திருகைப் பழைய இடத்துக்கு ஏற்றிவைத்தார். "ஒருதடவை போடட்டா? நீ உக்காரு."

"எங்க?"

நாற்காலியைக் காட்டினார். கால் வலித்தது. உட்கார்ந்தேன். மெத்தையில் அவர் உடம்புக்குப் பள்ளம் விழுந்திருந்தது, எனக்கு அது பெரிதாக இருந்தது. பாட்டு ஆரம்பித்ததும் நான் திடுக்கிட்டேன். பாடகி எந்தப் பெட்டியிலும் இல்லை. இரண்டுக்கும் நடுவில், வெறும் இடத்தில், ஆள் உயரத்தில் நின்று பாடினாள். மூச்சு இழுப்பதுகூடக் கேட்டது. அடுப்படியிலிருந்து இதையெல்லாம் நான் கேட்டதே இல்லை.

அவர் அலமாரிப் பக்கம் நின்று, பாட்டைக் கேட்காமல், என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த இடம் நெருங்குவது அவர் முகத்திலேயே தெரிந்தது. நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

வந்தது. பாடகியின் வலது கைப் பக்கம், அவ்வளவு சின்னதாக, அவ்வளவு தெளிவாக. கண்ணாடி வளையல்தான்.

விரலைத் தூக்கினேன்.

"கண்ணாடியா?" என்று கேட்டார்.

"கண்ணாடிதான்" என்றேன். பாட்டு நகர்ந்து போய்விட்டது. அவர் என் விரலையே பார்த்துக்கொண்டு நின்றார். எனக்கு அதை இறக்க மனசு வரவில்லை.