காலமானவர் கொடுத்த சம்மதம்

"இது எப்ப வந்தது தம்பி?"

மில்லுக்காரி நீட்டிய காகிதத்தைப் பார்த்ததும் கொழுந்தனின் கை தட்டிலேயே நின்றது. அவன் மனைவி பிறந்த வீட்டுக்குப் போயிருந்ததால் அவன் துணிமணியும் இவள் தலையில்தான் விழுந்திருந்தது. துவைக்க எடுத்த சட்டையின் பையில் நாலாக மடித்து இருந்தது அந்த நோட்டீஸ். நகராட்சி முத்திரை. பெறுநர் இடத்தில் அவள் கணவன் பெயர். அவன் செத்து நாலு வருஷம் ஆகிறது.

"ஒரு மாசம் இருக்கும். உங்களுக்கு எதுக்கு அண்ணி இந்தத் தலைவலின்னு சொல்லல."

"என் மில்லை மூடறதை எங்கிட்டயே சொல்ல மாட்டீங்களா?"

"உங்க மில்லா? லைசென்ஸ்ல யார் பேரு இருக்கு?" என்றான் அவன், குழம்பைப் பிசைந்துகொண்டே.

லைசென்ஸில் இன்னும் செத்தவர் பெயர்தான். வீட்டின் முன்னறையில் இருக்கும் அந்த மாவு மில்லை அவள்தான் ஓட்டுகிறாள். கல் மழுங்கினால் உளி வைத்துக் கொத்துவதும் அவள்தான். ஆனால் பெயர் மாற்ற மூன்று தடவை ஆபீசுக்கு நடந்ததில் செருப்புத்தான் தேய்ந்தது. இறந்தவருடைய சகோதரர் ஆட்சேபணை இல்லை என்று எழுதித் தரவேண்டும் என்றார்கள். கொழுந்தன் நாலு வருஷமாகப் "பார்க்கலாம் அண்ணி" என்று சொல்லி வந்தான். மில் நின்றால் அண்ணி பெட்டியைக் கட்டுவாள், முன்னறை தனக்கு என்பது அவன் மனசுக்குள் போட்டிருந்த கணக்கு.

நோட்டீஸை அவள் மறுபடி எழுத்துக் கூட்டி வாசித்தாள். தெருவின் மேல் 'அமைதிக் குடியிருப்பு மேலடுக்கு' போட உத்தேசமாம், வந்தால் மில் மாதிரித் தொழில்கள் கூடாதாம். ஆட்சேபணை இருந்தால் இருபது நாளுக்குள் எழுத வேண்டுமாம். இருபது நாள் எப்போதோ போய்விட்டது. கூட்டம் மறுநாள் காலை பதினோரு மணிக்கு.

அவள் போனாள். கூட்ட அறையில் தெருக்காரர்கள் பத்துப் பேர் உட்கார்ந்திருந்தார்கள். முன் வரிசையில் பெட்டிஷன் சார். தெருவில் நாய் குரைத்தாலும் மனு எழுதுகிறவர் என்பதால் வந்த பெயர். மில் சத்தத்தில் தூக்கம் வரவில்லை என்று இதைக் கிளப்பிவிட்டவரும் அவர்தான். அவர் வீட்டுக் கோதுமை மட்டும் வாரம் தவறாமல் அதே மில்லுக்கு வரும்.

வரைபடக்காரர் மேசையில் தெருவின் படத்தை விரித்து, அதன் மேல் கண்ணாடி போன்ற ஒரு தாளைப் போட்டார். தாளில் சிவப்புக் கோடு.

"பழைய சட்டம் அப்படியே கீழே இருக்கும். இது மேலே ஒரு அடுக்கு, அவ்வளவுதான். கோட்டுக்குள்ள மெஷின் வைச்ச தொழில் கூடாது."

கோடு மில்லைத் தாண்டி நேராகப் போய், தெருமுனையில் விருந்து மண்டபம் வந்ததும் மரியாதையாக ஒதுங்கிச் சுற்றிக்கொண்டு போனது. மண்டபத்துக்காரர் கமிட்டித் தலைவருடைய சம்பந்தி.

"அந்த மண்டபத்து ஜெனரேட்டருக்கு அமைதி வேண்டாமா சார்?" மில்லுக்காரி எழுந்து கேட்டாள்.

தலைவர் கண்ணாடியை இறக்கிப் பார்த்தார். "நீங்க யாரும்மா?"

"மாவு மில்."

குமாஸ்தா பட்டியலில் விரலை ஓட்டினார். "அது வேற பேர்ல இருக்கு சார். ஆம்பளை பேரு. பேர் இருக்கிறவங்கதான் பேசலாம். தவிர அவர் சம்மதிச்சிட்டாரே."

"யாரு?"

"உங்க வீட்டுக்காரர். நோட்டீஸைக் கையெழுத்துப் போட்டு வாங்கியிருக்கார். பதில் போடல. பதில் வராதது சம்மதம். நாற்பது வீட்டுல முக்கால்வாசி வேணும். அவரோட சேர்த்துச் சரியா முப்பது."

தபால்காரரிடம் யார் கையெழுத்துப் போட்டிருப்பான் என்று யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. அறையில் இருந்த பத்துப் பேரும் அவள் கணவனைச் சுடுகாடு வரை தூக்கிக்கொண்டு போனவர்கள். அவள் ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். ஒருவர் கைக்கடிகாரத்துக்குச் சாவி கொடுத்தார். பெட்டிஷன் சார் வாயைத் திறந்தார். முப்பது இருபத்தொன்பதாகிவிடும் என்பது நினைவுக்கு வந்திருக்க வேண்டும், மூடிக்கொண்டார். ஒரு மனிதனைச் செத்த பிறகும் விடாமல் பயன்படுத்துகிறவர்களுக்கு இந்தப் பூமியில் நல்ல மனிதர்கள் என்று பெயர்.

அவர் செத்துட்டார் என்று சொல்லத்தான் அவள் வாயெடுத்தாள். அதற்குள் குமாஸ்தா தீர்மானத்தைப் படிக்க ஆரம்பித்துவிட்டார். மூன்றாவது பிரிவு காதில் விழுந்ததும் சொல்ல வந்ததை விழுங்கினாள்.

"ஏற்கெனவே நடந்துவரும் தொழிலை, உரிமம் பெற்றவர் உயிரோடு உள்ளவரை நடத்திக்கொள்ளலாம். அவர் காலத்துக்குப் பின் உரிமம் ரத்தாகும்."

"சார், எங்க வீட்டுக்காரர் சம்மதிச்சதை எழுத்துல குடுப்பீங்களா?"

அழுது ஆர்ப்பாட்டம் செய்வாள் என்று பயந்திருந்த தலைவருக்கு மூச்சு வந்தது. "தாராளமா வாங்கிக்கம்மா."

மறுநாள் காலை ஏழு மணிக்கு பெல்ட்டை மாட்டி மோட்டாரைப் போட்டாள். கொழுந்தன் பல் துலக்கிக்கொண்டிருந்த வாயோடு ஓடி வந்தான்.

"நிறுத்துங்க அண்ணி. தீர்மானம் ஆயிடுச்சு."

"உங்க அண்ணன் உயிரோட இருக்கிறவரைக்கும் ஓட்டலாம்." நகலை அவன் முகத்துக்கு நேரே பிடித்தாள். "போன மாசம்தான் கையெழுத்துப் போட்டிருக்கார், பாருங்க."

"அண்ணன் செத்தது ஊருக்கே தெரியும்."

"அப்பப் போய்ச் சொல்லுங்க. கையெழுத்து யாருதுன்னு கேட்டா அதையும் சொல்லிட்டு வாங்க."

அவன் காகிதத்தையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தான். பிறகு வாயைக் கொப்பளிக்க உள்ளே போனான். ஜெயித்த சந்தோஷம் அவளுக்கு வரவில்லை. அவர் சாகும்போது பக்கத்தில் இருந்து தண்ணீர் கொடுத்தவள் அவள். தன் உழைப்பில் சாப்பிட அந்த மனிதனை மறுபடி உயிரோடு எழுப்ப வேண்டியிருந்தது. அழுதால் கோதுமை ஈரமாகிவிடும் என்று தன்னையே கேலி செய்துகொண்டு டின்னைக் கவிழ்த்தாள்.

அடுத்த வாரம் பெட்டிஷன் சாரின் மனைவி இரண்டு டின் கோதுமையோடு வந்தாள். மகளுக்கு நிச்சயம். தெரு முழுக்கச் சொல்லியாயிற்று. சூடான மாவை வாங்கும்போது அந்த அம்மாள் தரையைப் பார்த்தாள்.

"தப்பா நினைச்சுக்காதேம்மா. உன்னைக் கூப்பிடணும்னு எனக்கு ஆசைதான். நல்ல காரியம் பாரு, புருஷன் இல்லாதவங்களை முன்னால நிறுத்தினா மாப்பிள்ளை வீட்டுல ஏதாவது சொல்வாங்க."

மில்லுக்காரி மோட்டாரை நிறுத்தினாள். சுவரில் ஆணியடித்து மாட்டியிருந்த நகலை எடுத்து, கடைசிப் பக்கத்தைத் திருப்பிக் காட்டினாள். சம்மதித்தவர்களின் பட்டியல். அதன் அடியில், மேற்கண்ட முப்பது பேரும் இத்தெருவில் வசித்துவருவதைத் தான் நேரில் அறிவதாக பெட்டிஷன் சார் கையொப்பமிட்டிருந்தார்.

"எனக்குப் புருஷன் இருக்காருக்கா. உங்க வீட்டுக்காரர்தான் எழுதிக் குடுத்திருக்கார். நாங்க ரெண்டு பேரும் வரணுமா, நான் மட்டும் வந்தாப் போதுமான்னு அவர்கிட்டயே கேட்டுச் சொல்லுங்க."