எண்ணெய் பார்க்கும் விரல்கள்

பஸ் பணிமனையில் எல்லோருக்கும் அவள் அக்கா. எஞ்சின் மெக்கானிக். உண்மையிலேயே அப்படிக் கூப்பிட உரிமையுள்ளவன் ஒருவன்தான்: அலுவலக மாடியில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் கூடப்பிறந்த தம்பி. அந்தப் பாழாய்ப்போன ஹெட்செட்டை அவள் தலையில் கட்டியவனும் அவனேதான்.

அதைக் கண்ணில் மாட்டிக்கொண்டால் எஞ்சின் மேலேயே படம் மிதக்கும். எந்த போல்ட்டை முதலில் கழற்றுவது என்று அம்புக்குறி காட்டும். வசதிதான், யார் இல்லை என்றது? ஆனால் முன்பக்கக் கேமராக்கள் அவள் கையையே பார்த்தன. உள்பக்கக் கேமராக்கள் அவள் கண்ணைப் பார்த்தன. பின்மண்டையில் பேட்டரி வேறு சூடாக உட்கார்ந்திருந்தது. ஒரு படம் காட்ட இத்தனை கண் எதற்கு?

"என் வேலையைக் கத்துக்கிட்டு என்னையே வீட்டுக்கு அனுப்பத்தானேடா?"

"பயப்படாதக்கா. 'இந்தப் பதிவைப் பயிற்சிக்குத் தரலாமா'ன்னு ஒவ்வொரு தடவையும் கேக்கும். நீ சம்மதிக்காம ஒண்ணும் வெளிய போகாது."

கேட்கத்தான் செய்தது. எஞ்சினைத் திறந்ததும் கண்ணுக்கு நேரே ஒரு கட்டம் வந்து நிற்கும். "முடியாது, போடா!" என்று அதட்டிவிட்டுத்தான் வேலையைத் தொடங்குவாள். கொஞ்ச நேரத்தில் கட்டம் மறைந்துவிடும். சந்தேகம் மறையவில்லை. தம்பி தேநீர் வாங்கித் தந்தால்கூட, இவனுக்கு ஏன் திடீர்க் கரிசனம் என்று உற்றுப் பார்த்தாள்.

ஒருநாள் பயிற்சி அறையை எட்டிப் பார்த்தாள். புதிதாகச் சேர்ந்தவர்கள் ஹெட்செட் மாட்டி நின்றார்கள். அவர்கள் பார்ப்பது சுவர்த்திரையிலும் ஓடியது. எஞ்சின் மேல் இரண்டு கைகள் மட்டும் வேலை செய்தன. அந்தக் கைகள் விரலைத் தேய்த்தால் இவர்களும் வெறும் விரலைத் தேய்த்தார்கள். திரையில் இடது சுண்டுவிரல் கோணல். பெல்ட்டில் சிக்கிக் கோணிப்போன அவளுடைய விரல்!

மாடிக்கு ஓடினாள்.

"கூடப்பிறந்துட்டுக் குழி பறிச்சிட்டியேடா! என்னை வித்து நல்ல பேர் வாங்கிட்டியா?"

மாடியே திரும்பிப் பார்த்தது. தம்பி முகம் செத்துப்போயிற்று. அவளுடைய பழைய பதிவு ஒன்றை ஓடவிட்டான்.

கட்டம் வருகிறது. "முடியாது, போடா!" என்று அவள் குரல். உடனே ஆயில் அளவு பார்க்கும் கம்பியை உருவி, நுனி எண்ணெயைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்துத் தேய்க்கிறாள். பிசுபிசுப்பு இருக்கிறதா, துகள் நெருடுகிறதா என்று பார்ப்பது அவள் வழக்கம். கட்டம் பச்சையாகிறது.

"அந்தக் கேள்விக்குக் காது கிடையாதுக்கா. எதைப் பார்த்துக்கிட்டே ரெண்டு விரலையும் சேர்க்கிறமோ, அதுக்குச் சரின்னு அர்த்தம். 'சம்மதம்' பட்டன் உன் விரலுக்கு நேரா நின்னிருக்கு. எனக்கே இப்பதான் தெரியுது."

அவளுக்கு அவமானமாக இருந்தது. இத்தனை நாளும் தன் கையே தன்னைக் காட்டிக்கொடுத்திருக்க, இவனைப் போய்த் திட்டினோமே!

"மன்னிச்சிருடா," என்றாள். பிறகு பயிற்சி அறை நினைவுக்கு வந்து சிரித்துவிட்டாள். "ஆனா எதுக்குத் தேய்க்கிறோம்னே தெரியாம தேய்க்கிறாங்கடா அவங்க! தொட்டுத் தெரியறதை எந்தக் கேமரா பிடிக்கும்? என் வேலை எங்கயும் போகாது."

தம்பி சிரிக்கவில்லை.

"அடுத்த மாடலோட கையுறையும் வருதுக்கா. விரலுக்கு என்ன தட்டுப்படுதோ அதையும் பதிவு பண்ணுமாம். முதல்ல உனக்குத்தான் மாட்டச் சொல்லியிருக்காங்க."

அக்கா இரண்டு கைகளையும் பாக்கெட்டுக்குள் விட்டுக்கொண்டாள். உள்ளே அவள் கட்டைவிரல் தன்பாட்டுக்கு ஆள்காட்டி விரலைத் தேய்த்துக்கொண்டிருந்தது.