இடப்பக்கம் வந்த பந்துகள்

முகத்தில் மாட்டிய கனமான வி.ஆர். கண்ணாடிக்குள் பந்துகள் பறந்து வர, அன்பரசி கையை வீசி வீசித் தட்டினாள். ஆட்டம் முடிந்தது.

"பாதிக்கு மேல வுட்டுட்டீங்க மேடம்" என்றாள் பிசியோதெரபிஸ்ட் திவ்யா.

"மெஷின் பொய் சொல்லுது. வந்தது எல்லாத்தையும் அடிச்சேனே."

அன்பரசி மதுராந்தகம் பக்கத்துப் பள்ளியில் பெண்களுக்குக் கபடி சொல்லித் தருபவள். மழையில் ஸ்கூட்டர் சறுக்கித் தலையில் அடிபட்டதிலிருந்து அவளுக்கு இடப்பக்கம் என்ற ஒன்றே இல்லாமல் போயிருந்தது. கண்ணில் கோளாறில்லை, மூளைதான் அந்தப் பக்கத்தைக் கவனிக்க மறுக்கிறது என்றார் டாக்டர். தட்டின் இடப்பாதியில் சோறு அப்படியே இருக்க, இன்னும் போடச் சொல்வாள். கணவன் ஜான்சன் இடப்புறம் நின்று கூப்பிட்டால் வலப்புறம் திரும்பித் தேடுவாள். அதைத்தான் அவனால் தாங்க முடியவில்லை. அவளோ தனக்கொரு குறையும் இல்லை, எல்லோரும் சேர்ந்து தன்னை நோயாளி ஆக்குகிறார்கள் என்று சாதித்தாள்.

திவ்யா வாதாடவில்லை. ஆட்டத்தில் அவளும் பந்துகளும் சேர்ந்து தெரியும் பதிவை டிவியில் போட்டு, டிவியை அவளுக்கு வலப்பக்கமாக நகர்த்தி வைத்தாள். திரையில் பந்துகள் அன்பரசியின் இடத்தோளை உரசிக்கொண்டு போயின. அவள் முகம் அந்தப் பக்கம் அசையக்கூட இல்லை.

"இன்னொருவாட்டி போடு" என்றாள் அன்பரசி. இரண்டாம் முறையும் பார்த்து முடித்து ஜான்சனிடம் திரும்பினாள். "மூலையில ஆள் நிக்கிறதே தெரியாம ரெய்டு போயிகினு கீறேன். எங்கிட்ட ஏன் யாரும் சொல்லல?"

"தெனமும் சொன்னேன்" என்றான் ஜான்சன்.

"சொன்னா எப்டி நம்புவேன்? காட்டணும்ல."

அடிபட்ட பிறகு அன்றுதான் அவள் சிரித்தாள்.

அதன்பின் பயிற்சிக்காகச் செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்குக் கிளம்ப அவள்தான் அவனை அவசரப்படுத்தினாள். கண்ணாடியை மாட்டியதும் வாய்க்குள் கபடி கபடி என்று பாடியபடியே தலையை இடப்பக்கம் திருப்பப் பழகினாள். களைத்துவிட்டால் இன்னும் தவறவிடுவாள். தவறவிட்டது இப்போது அவளுக்கே தெரிந்தது.

பள்ளி திறந்த வாரம் ஜான்சனோடு மைதானத்துக்குப் போனாள். பிள்ளைகள் டீச்சரைத் தொடவே தயங்கி நின்றார்கள்.

"தமிழ்ச்செல்வி, நீ வா. என் எடது பக்கமா வா. மெதுவா வந்தன்னா வெளிய உக்கார வெச்சுடுவேன்."

ஜான்சன் ஓரடி முன்னால் வைத்தான். பிறகு கோட்டுக்கு வெளியே நின்றுகொண்டான்.

கபடிப் பாட்டு தொடங்கியது. தமிழ்ச்செல்வியின் பாதங்களில் செம்மண் தெறிக்க, அன்பரசி முழங்கால் மடக்கிக் குனிந்தாள். அவள் இடக்கை விரல்கள் மெல்ல விரிந்தன.