பாக்கலாம்மா

கட்டடக்கலைக் கல்லூரி வராந்தாவில் தன் முறைக்காகக் காத்திருந்த சமீரா, உட்கார்ந்தபடியே தூங்கி வழிந்தாள். காலடியில் அவள் செய்த மாடல். கடலூர்ப் பக்கம் புயலில் சிதைந்த ஒரு மீன்பிடித் துறைமுகத்தைத் திரும்பக் கட்டும் திட்டம். ஐந்தாண்டுப் படிப்பின் கடைசித் தேர்வு. தேறினால் பட்டம், இல்லையென்றால் இன்னொரு வருஷம் இந்த அட்டையோடும் பசையோடும் மாரடிக்க வேண்டும். அதற்கு அவள் உடம்பில் தெம்பில்லை.

அந்தத் திட்டம் அவளுக்கே பிடிக்கவில்லை என்பதுதான் கொடுமை. முதலில், வலை பழுதுபார்க்கும் கொட்டகைகளைத் தண்ணீரை ஒட்டி, படகுகளுக்குப் பக்கத்திலேயே போட்டிருந்தாள். ஆசை ஆசையாக வரைந்த படம். அதைக் கொண்டுபோய் அங்குள்ள மீனவர் சங்கத் தலைவர் சந்தியாகுவிடம் காட்டினாள். அவர் நெடுநேரம் உற்றுப் பார்த்துவிட்டு, "பாக்கலாம்மா" என்றார்.

அவள் ஊரான கோயமுத்தூரில் யாரும் முகத்துக்கு நேரே முடியாது என்று சொல்லிவிட மாட்டார்கள், மரியாதை என்னாவது? உக்கடத்தில் பெயின்ட் கடை வைத்திருக்கும் அவள் அத்தா பீர் முகம்மது, வேண்டாத சரக்கோடு வரும் சேல்ஸ்மேனுக்கு டீ வாங்கிக் கொடுத்து, "பாக்கலாமுங்க" என்பார். அந்த ஆள் பிறகு அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்க மாட்டான். அந்த வீட்டில் வளர்ந்தவளுக்கு இது புரியாதா? படத்தைச் சுருட்டிக்கொண்டு அன்று சாயங்காலமே பஸ் ஏறிவிட்டாள். கொட்டகைகளைத் துறைமுகத்தின் அலைத்தடுப்பு மதிலுக்குப் பின்னால் வரிசையாகத் தள்ளி, வேறு படம் போட்டாள்.

உள்ளே போகுமுன் நன்றி சொல்லலாமென்று சந்தியாகுவுக்குப் போன் செய்தாள்.

"கொட்டகையெல்லாம் தண்ணியோரமாத்தானே வச்சிருக்க?" என்றார் அவர்.

"இல்லீங்க. நீங்கதான் வேண்டாம்னு சொல்லிப்போட்டீங்களே."

"நான் எப்பம்மா சொன்னேன்? பாக்கலாம்னுதானே சொன்னேன். தண்ணி எதுவரைக்கும் ஏறும்னு ஒனக்குக் காட்டலாம்னு, மறுநாள் காலையில நாங்க நாலஞ்சு பேரு அந்த எடத்துல போயி நின்னோம். நீ வரல."

"இப்பச் சொன்னா மாத்தலாமுங்களா?"

"கவர்மெண்ட் ஆபீசருங்க வந்து, கொட்டகைக்குன்னு மதிலுக்குப் பின்னால அளந்துட்டுப் போயிட்டாங்க. அவங்ககிட்ட எடுத்து நீட்ட எங்க கையில ஒரு படம் இல்ல. சரி விடு, நீ நல்லபடியா பாஸ் பண்ணு."

அவர் திட்டியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது அவளுக்கு.

உள்ளே, வெளியூரிலிருந்து வந்திருந்த தேர்வாளர் மாடலைச் சுற்றிவந்தார். கோப்பில் இருந்த பழைய படத்தைப் பார்த்து, "இது நல்லாயிருக்கே, ஏன் விட்டுட்டீங்க?" என்றார்.

வழிகாட்டி கிருபாவதி மேடம் முந்திக்கொண்டார். "அங்க இருக்கறவங்க வேண்டாம்னுட்டாங்க சார். இவ அதைக் கேட்டு மாத்திப்போட்டா."

"அதுதான் வேணும். ஜனங்க சொல்றதை நம்மள்ல யாரு காதுல வாங்கறாங்க?" தேர்வாளர் மனம் குளிர்ந்து பேனாவைத் திறந்தார்.

தலையாட்டினால் போதும். வீட்டுக்குப் போய் ஆசைதீரத் தூங்கலாம்.

"அவங்க வேண்டாம்னு சொல்லலீங்க சார்," என்றாள் சமீரா. "வா, பாக்கலாம்னு கூப்பிட்டாங்க. நான்தான் போகலீங்க."