யாரும் பிடுங்காத வால்

...இன்றைக்கும் அந்த ஒல்லிப் பெண்ணின் வால் மட்டும் அப்படியே தொங்குகிறது, மற்றவர்கள் ஒவ்வொருவராய் வாலைப் பறிகொடுத்துவிட்டு ஓரமாய்ப் போகிறார்கள் என்று விசிலைப் பல்லில் கடித்தபடி பார்த்துக்கொண்டிருந்தாள் பி.டி. மிஸ். வால் என்றால் இடுப்பில் செருகிய ரிப்பன், அடுத்தவர் வாலைப் பிடுங்க வேண்டும், தன் வாலைக் காப்பாற்ற வேண்டும், ஆடஆட வளைந்து திரும்பி ஓடக் கால்கள் தாமாகவே பழகிவிடும். அவளுக்குப் பாதரசம் என்று பெயர் வைத்தவளே மிஸ்தான், ஓட்டப் போட்டிக்கும் அவள் பெயரைத்தான் கொடுக்கப் போகிறாள், மதியத்துக்குள் தலைமையாசிரியையிடம் சொல்ல வேண்டும்... சொல்லலாம், என்ன அவசரம்? இப்போதெல்லாம் எதற்குமே அவசரம் வருவதில்லை. கணவன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போன காலையில் அழுகை வரும் என்று காத்திருந்தாள், வரவில்லை, பால்தான் பொங்கி வந்தது, அடுப்பை அணைத்தாள், பள்ளிக்கு வந்தாள், இன்னமும் வந்துகொண்டிருக்கிறாள். "உன்னப் பத்தி எனக்குக் கவலையே இல்லடி, நீ கல்லு மாதிரி" என்று போனில் மெச்சிய அக்கா அப்புறம் கூப்பிடவே இல்லை, கல்லுக்கு யார் போன் போடுவார்கள்?

பாதரசம் குனிந்தாள், சட்டென்று இடப்பக்கம் வெட்டித் திரும்பினாள், அடடா, என்ன திருப்பம்... ஆனால் யாரிடமிருந்து? அவளுக்குப் பின்னால் யாரும் இல்லையே. மிஸ் கண்ணைக் கசக்கிக்கொண்டு மறுபடி பார்த்தாள், பிள்ளைகள் அவளை உரசிக்கொண்டு வேறு யாரையோ துரத்திப் போனார்கள். இத்தனை நாளும் இப்படித்தானா, ஒப்புக்குச் சப்பாணியா இவள்?

"ஏய், அவ வாலப் பிடுங்குங்க!"

வகுப்புத் தலைவி மூச்சு வாங்க நின்றாள். "அவளையா? அவகூட நாங்க யாரும் சேர மாட்டோம் மிஸ்."

"ஏன்?"

"சும்மாதான் மிஸ்." அதில் பொல்லாப்பு ஒன்றும் இல்லை, மணி என்ன என்று கேட்டால் சொல்வதுபோல் சொல்லிவிட்டு ஓடிவிட்டாள்.

மிஸ்ஸுக்குக் கோபம் வந்திருக்க வேண்டும், வரவில்லை. பெயரைக் கொடுப்பதா? துரத்தவே ஆளில்லாத பிள்ளையைப் போய்... கொடுக்காவிட்டால் அவளுக்கு வேறு என்ன இருக்கிறது? யோசித்துக்கொண்டே, எப்போது கிளம்பினோம் என்று தெரியாமல் மைதானத்துக்குள் அவளை நோக்கி ஓடிக்கொண்டிருந்தாள், "வரேன்டி, ஓடு!"

பாதரசம் ஓடவில்லை. மிஸ் யாரைப் பிடிக்க வருகிறாள் என்று திரும்பித் தன் முதுகுக்குப் பின்னால் பார்த்தாள்.