கூரையிலிருந்து கழற்றிய பக்கம்

ஷாரோன் மாமல்லபுரத்துக் கண்காட்சிக் கூடத்துக்குள் நுழைந்தபோது, அவளுடைய புத்தகம் கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்தது.

கடையில் விற்கிற மாதிரிப் புத்தகம் இல்லை அது. சதுரங்கப்பட்டினம் கரையில் உடைத்துப் போட்டிருந்த படகின் பலகைதான் அட்டை. உள்ளே, அகதி முகாமுக்கு அரிசி வந்த சாக்கு, கிழிந்த தார்ப்பாய், அம்மா பிலோமினா மன்னாரில் படகேறியபோது கட்டியிருந்த நீலச் சேலை. எல்லாவற்றையும் அறுந்த வலை நூலால் தைத்திருந்தாள். நடுப்பக்கம் ஒரு பிளெக்ஸ் பேனர். எவரோ ஒரு தலைவரை வரவேற்கக் கட்டி, கூட்டம் முடிந்ததும் வீசியெறிந்தது. ஒழுகுகிற கூரைக்கு அடியில் அதை அப்பா விரித்துக் கட்டினார். 'வருக! வருக!' என்று தலைகீழாகத் தொங்கிய எழுத்துகளைப் பார்த்துக்கொண்டேதான் ஷாரோன் தூங்கி வளர்ந்தாள்.

பெட்டியில் சேலைப் பக்கம் மட்டும் தெரிந்தது. பக்கத்தில் ஒரு சீட்டு: 'ஷாரோன், இலங்கை அகதி.'

"இன்னா மேடம் இது? நான் இலங்கையப் பார்த்ததே இல்ல. செங்கல்பட்டுல பொறந்தவ."

கண்காட்சியை நடத்துகிற ஸ்வாதி நெற்றியைத் தேய்த்தாள். "அப்ப இந்தியான்னு மாத்திடவா?"

"அதுக்குத்தான் சர்க்கார் ஒத்துக்கலையே. பேரு மட்டும் போடுங்க."

"எல்லாருக்கும் நாடு போட்டிருக்கு. உனக்கு மட்டும் எப்படி விடறது? அந்த பேனர் பக்கமும் வேணாம் ஷாரோன். திறந்துவைக்க வர்றவர் தப்பா எடுத்துப்பார்."

"கையில எடுத்துப் பொரட்டத்தான் தெச்சேன். பொட்டிக்குள்ள பொணம் மாதிரி கீது."

ஸ்வாதி பதில் சொல்வதற்குள் ஷாரோன் கண்ணாடி மூடியைத் தூக்கினாள். புத்தகத்தை மார்போடு அணைத்துக்கொண்டு வெளியே நடந்தாள்.

"இப்படிப் போனா இனிமே உனக்கு இங்க இடமே கிடையாது!"

"இடம் இல்லாம இருக்கறது எங்களுக்குப் புதுசா மேடம்?"

வாசற்படியில் உட்கார்ந்து, பேனர் பக்கத்தை விரித்து வைத்தாள். கல் சுட்டது. யாரும் நிற்கவில்லை. சிறப்பு விருந்தினரின் கார் வந்தது. அவர் அவளைத் தாண்டி உள்ளே போனார். காவலாளி, "எந்திரும்மா, பேஜாராயிடும்" என்றார். அவள் அசையவில்லை.

அப்போதுதான் கண்காட்சியைப் பார்க்க பிலோமினா பஸ்ஸிலிருந்து இறங்கி வந்தாள். காக்கிச் சட்டையைக் கண்டாலே ஒதுங்கிப் போகிறவள். 'கண்டபடி கதைக்காத பிள்ளை, எங்களுக்கு ஏன் வம்பு' என்று காலையில்கூடச் சொல்லி அனுப்பியிருந்தாள். இழுத்துக்கொண்டு போகத்தான் வருகிறாள் என்று ஷாரோன் நினைத்தாள்.

பிலோமினா காவலாளியைப் பார்த்தாள். மகளின் முகத்தைப் பார்த்தாள். செருப்பைக் கழற்றிவிட்டு அந்தச் சூட்டிலேயே பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"வாங்கோ, வந்து பாருங்கோ!" என்று வழியில் போனவர்களை உரக்கக் கூப்பிட்டாள். "இது என்ர சீலை. இதைத்தான் படகில கட்டிக்கொண்டு வந்தனான். இது எங்கட வீட்டுக் கூரை. தொட்டுப் பாருங்கோ, ஒண்டும் செய்யாது!"

கோவளத்திலிருந்து வந்திருந்த ஒரு குடும்பம் முதலில் நின்றது. பிறகு கல்லூரிப் பெண்கள். சாயங்காலத்துக்குள் படியைச் சுற்றிக் கூட்டம் கூடிவிட்டது. பக்கங்களில் கைரேகையும் வியர்வையும் படிந்தன; சாக்குப் பக்கத்தில் ஒரு தையல் பிரிந்தது. ஸ்வாதி இரண்டு முறை வாசல்வரை வந்தாள். இரண்டு முறையும் கூட்டத்தைப் பார்த்துவிட்டு உள்ளே திரும்பினாள்.

பஸ்ஸில் ஷாரோன் பிரிந்த தையலைத் தடவிக்கொண்டே கேட்டாள். "பயமா இல்லியா அம்மா?"

"இருந்தது." பிலோமினா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். "நாளைக்கும் கண்காட்சி இருக்காம். ஒரு குடை கொண்டு வாறன். கல்லுச் சுடுது."